காவலுக்குக் கைம்மாறு

போடிநாயக்கனூர்ச் சந்தையில் போக்குவரத்தைச் சீர்செய்து நிற்கும் காவலருக்குச் சம்பளம் கொடுப்பவர் யார் என்று கேட்டால், பாதிப்பேர் "முனிசிபாலிட்டிதான்" என்பார்கள். தெருவிளக்கும் குடிநீரும் குப்பை வண்டியும் நகராட்சியின் பொறுப்பாக இருப்பதால், காவலும் அப்படித்தான் இருக்கும் என்ற எண்ணம் இயல்பாக எழுந்துவிடுகிறது. உண்மை அதுவன்று. நம் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில் மாநிலப் பட்டியலின் 2ஆம் இனமாகக் காவல்துறை வருகிறது. அதே பட்டியலின் 42ஆம் இனம் மாநில ஓய்வூதியம். ஆக, சந்தையில் நிற்கும் காவலரின் சம்பளமும், அவர் கால் ஒடிந்தால் வரவேண்டிய உதவியும், கண்மூடினால் மனைவிக்கு வரும் பணமும் மாநிலக் கருவூலத்திலிருந்தே வருகின்றன. நகராட்சிக்கு இதில் ஒரு பைசாப் பங்குகூட இல்லை.

முன்பு இருந்ததுண்டு. 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்படி சென்னை மாகாணத்து நகராட்சிகள் தத்தம் ஊர்க் காவற்படைச் செலவில் பெரும்பகுதியைச் சுமந்தன. வரிப்பணம் அதிலேயே கரைந்தது. 1871ஆம் ஆண்டுச் சட்டம் அச்சுமையை இறக்கிவைத்து, கல்வி, மருத்துவம் முதலியவற்றை நகராட்சிகளிடம் ஒப்படைத்தது. நம் போடி நகராட்சி அதற்குப் பின்னர் பிறந்த குழந்தை. ஆகவே அது காவலரைச் சுமந்ததே இல்லை.

காவல் காத்து மாண்டவனின் குடும்பத்தை ஊர் காப்பாற்ற வேண்டும் என்ற கருத்து வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாரேனும் நினைத்தால் அது பிழை. நம் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட தமிழ்ப் பிராமி நடுகற்களுள் ஒன்று, ஆகோள் பூசலில் வீழ்ந்தவனைப் பற்றியது. கல் நட்டது மட்டுமன்றி, பிற்கால நடுகற்களிலும் கல்வெட்டுகளிலும் "நெய்த்தோர்ப்பட்டி", "உதிரப்பட்டி" என்ற சொற்களைக் காண்கிறோம். நெய்த்தோர் என்றால் குருதி. ஊருக்காகக் குருதி சிந்தியவனின் வழியினர்க்கு விடப்பட்ட நிலம் அது. இன்றைய ஏடுகளின் மொழியில் சொன்னால் குடும்ப ஓய்வூதியம்! அதனைப் பெற விண்ணப்பப் படிவம் மூன்று பிரதிகளில் கேட்டதாகக் கல்வெட்டில் குறிப்பில்லை.

பாளையக்காரர் காலத்தில் காவல்காரனுக்கு மானிய நிலமும் களத்து மேட்டில் நெற்பங்கும் உண்டு. களவு போனால் ஈடுகட்டும் பொறுப்பும் அவனுடையதே. போடிப் பாளையமும் இதற்கு விலக்கன்று. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கும்பினியார் பாளையக்காரர்களின் காவல் உரிமையைப் பறித்தனர். 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் இன்றைய சீருடைக் காவற்படைக்கு அடித்தளமிட்டது. மானியம் போய்ச் சம்பளம் வந்தது. சம்பளத்தின் நிழலாக உபகாரச் சம்பளம் வந்தது. "உபகாரம்" என்ற அந்தச் சொல்லே அரசின் மனப்பான்மையைக் காட்டிக்கொடுக்கும். மனம் வந்தால் கொடுப்பேன், வராவிட்டால் இல்லை என்பது அதன் உட்பொருள்.

அந்த மனப்பான்மையை உச்ச நீதிமன்றம் உடைத்தது. 1971இல் தேவகிநந்தன் பிரசாத் வழக்கில், ஓய்வூதியம் அரசின் தயவால் வருவதன்று, ஊழியரின் உரிமை என்று தீர்ப்பாயிற்று. 1982 டிசம்பர் 17இல் நகாரா வழக்குத் தீர்ப்பு, ஒரே வகுப்பினரான ஓய்வூதியர்களை ஓய்வுபெற்ற நாளை வைத்து இரண்டாகப் பிரிப்பது சமத்துவத்துக்கு மாறானது என்றது. டிசம்பர் 17ஐ ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுவது அதனால்தான். இன்னொரு பழைய சட்டத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின்படி கடன்காரர் எவரும் அரசு ஓய்வூதியத்தை ஜப்தி செய்ய முடியாது. வட்டிக்கடை மலிந்த ஊர்களில் இது தெரிந்திருப்பது நல்லது.

இனிக் கணக்குக்கு வருவோம். 2003 ஏப்ரல் 1க்கு முன் பணியில் சேர்ந்த தமிழகக் காவலருக்கு 1978ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். பத்தாண்டுத் தகுதிப்பணி இருந்தால் ஓய்வூதியம் உண்டு. முப்பது ஆண்டு முடித்தால் முழு ஓய்வூதியம், அதாவது கடைசிச் சம்பளத்தில் பாதி. ஆறு மாதத்தை ஓர் அலகாகக் கொண்டு அறுபது அலகுகளாக எண்ணுவார்கள். கடைசி அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய் என்று கொள்வோம். முப்பது ஆண்டு பணி செய்தவருக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் அகவிலைப்படியும். இருபத்துநான்கு ஆண்டுதான் என்றால் 48 அலகு, 24,000 ரூபாய். இதில் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். பெண்ணின் திருமணத்துக்கும் வீட்டுக் கூரைக்கும் பெரும்பாலோர் அப்படித்தான் வாங்குகிறார்கள். பதினைந்து ஆண்டுக்குப் பின் அப்பங்கு மீண்டும் சேர்ந்துவிடும். பணிக்கொடை தனி. ஓய்வு வயது நெடுங்காலம் 58 ஆக இருந்து, 2020இல் 59 ஆகவும் 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. மலைச்சாலையில் இரவு ரோந்து போகிறவர்க்கு அந்த இரண்டு ஆண்டு கூடியது வரமா சாபமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

2003 ஏப்ரல் 1க்குப் பின் சேர்ந்தவர்கள் கதை வேறு. அவர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் பத்து விழுக்காடு பிடிப்பார்கள். அரசும் அதே அளவு போடும். முடிவில் சேர்ந்த தொகை வட்டியுடன் வரும். மாதந்தோறும் இவ்வளவு என்ற உறுதி அதில் இல்லை. ஒரே ஸ்டேஷனில் ஒரே பாராவில் நிற்கும் இருவரில், 2002இல் சேர்ந்தவர் ஒரு உலகத்திலும் 2004இல் சேர்ந்தவர் இன்னொரு உலகத்திலும் வாழ்ந்தனர். இருபது ஆண்டுக்கு மேல் ஊழியர் சங்கங்கள் போராடிய பிறகு, 2026 ஜனவரி 3இல் தமிழக அரசு உறுதியளிக்கப்பட்ட ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்தது. கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், ஊழியரின் பங்கு பத்து விழுக்காடு, அவர் மறைந்தால் ஓய்வூதியத்தில் அறுபது விழுக்காடு குடும்பத்துக்கு என்பது அந்த அறிவிப்பு. சங்கம் வைக்கும் உரிமை இல்லாத காவலர்க்கு, பிற துறை ஊழியர்கள் தெருவில் நின்று பெற்றுத்தந்த பயன் இது என்பதை மறக்கலாகாது.

வயதாகி ஓய்வு பெறுவது எளிய பகுதி. கடினமான பகுதி காயம். நம் மலையை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. முந்தலிலிருந்து போடிமெட்டு வரை பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விடியுமுன்னே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப்புகள். ஏல வியாபாரம் நடக்கும் ஊர் என்பதால் கைமாறும் ரொக்கம். எல்லைச் சோதனைச் சாவடியில் பனியும் மழையும். ஜீப் பள்ளத்தில் உருண்டால் கயிறு கட்டி இறங்குகிறவர்களில் காவலரும் ஒருவர். 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீயின்போது இருட்டில் மலையேறியவர்களில் ஊர்மக்களும் வனத்துறையினரும் காவலரும் இருந்தனர்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஏட்டையா ஒருவர் இருக்கிறார். இக்கட்டுரைக்காக அவரிடம் நெடுநேரம் பேசினேன். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, உருண்ட ஜீப்பில் சிக்கியவர்களைத் தூக்கிவரப் பள்ளத்தில் இறங்கியபோது வழுக்கி விழுந்து முழங்கால் திரும்பிவிட்டதாம். மறுநாள் எண்ணெய்க் கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போனார். சொந்த உடல்நலக் குறைவென்று விடுப்பு எழுதிக்கொடுத்தார்.

"அடிபட்டதை எழுதி வைக்கலையா ஐயா?" என்றேன்.

"எதுக்குத் தம்பி? மூணு பேரு செத்துக் கிடக்காங்க. பிள்ளைத்தாச்சி ஒருத்தி முனகிக்கிட்டுக் கிடக்கா. அங்க போயி என் முட்டியப் பத்தி எழுதுன்னு ரைட்டர்கிட்டச் சொல்லவா?"

பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்த முழங்கால் முற்றிலும் மடங்க மறுத்தது. உதவி கேட்டு விண்ணப்பித்தார். அந்தக் காயம் பணியில் ஏற்பட்டது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று அலுவலகம் கேட்டது. நாட்குறிப்பில் இல்லை. அரசு மருத்துவமனைச் சீட்டு இல்லை. விடுப்பு விண்ணப்பமோ அவர் கைப்பட அவருக்கே எதிராகச் சாட்சி சொன்னது. பழைய ஓய்வூதியத்தில் இருந்ததால் இன்று சோற்றுக்குக் குறைவில்லை. காயத்துக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை. "அந்தப் பிள்ளை பொழச்சிருச்சு தம்பி, காலேஜுக்கு வருது" என்றார்.

அவர் இழந்தது எது என்று பார்ப்போம். பணியின் காரணமாகக் காயமோ மரணமோ நேர்ந்தால், சாதாரண ஓய்வூதியத்தின் மேல் கொடுப்பதை அரசு ஏடுகள் அசாதாரண ஓய்வூதியம் என்னும். மத்திய அரசில் இதற்கு 1939ஆம் ஆண்டிலேயே விதிகள் வகுத்தார்கள்; அங்கே முழு ஊனத்துக்கு ஊனப் பகுதியாகச் சம்பளத்தில் முப்பது விழுக்காடு, ஊனம் குறையக் குறையத் தொகையும் குறையும். மாநிலங்களுக்குத் தனித்தனி விதிகள் உண்டு. எங்கும் அடிப்படை ஒன்றே. காயத்துக்கும் பணிக்கும் காரண காரியத் தொடர்பு இருக்கவேண்டும், ஊனம் எவ்வளவு என்பதை மருத்துவக் குழு சொல்லவேண்டும், காலவரம்புக்குள் கேட்கவேண்டும். இம்மூன்றில் முதலாவதுதான் எமன். பணியில் இறங்கும் முன் நாட்குறிப்பில் புறப்பாடு, திரும்பியதும் காயக்குறிப்பு, அன்றே அரசு மருத்துவமனையில் பதிவு, நகல் ஒன்று பணிப்பதிவேட்டில்: இவை இருந்தால் பிறகு எவரும் மறுக்க இயலாது.

அமெரிக்காவில் உண்மையிலேயே நகராட்சிக் காவலர்கள் உண்டு. ஓய்வூதியமும் நகரத்தின் பொறுப்பு. நியூயார்க் நகரம் 1857லேயே காயமுற்ற காவலர்க்கு நிதி ஏற்படுத்தியது. அங்குப் பல மாநிலங்களில் காவலருக்கு இதயநோய் வந்தால் அது பணியால் வந்தது என்றே சட்டம் முதலில் ஊகித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் நிர்வாகத்தின் தலையில். இந்த ஏற்பாடு நமக்கும் வேண்டும் என்பது என் கருத்து. ஆயினும் நகரமே ஓய்வூதியம் தருவதில் ஆபத்தும் இருக்கிறது. டெட்ராய்ட் நகரம் 2013 ஜூலையில் திவாலானபோது, காவலர்களின் அடிப்படை ஓய்வூதியம் தப்பினாலும் ஆண்டுதோறும் வரும் உயர்வு பாதிக்கும் கீழாக வெட்டப்பட்டது. நம் காவலரின் ஓய்வூதியம் போடியின் வீட்டுவரியை நம்பியிராதது ஒருவகையில் நிம்மதியே.

காயம்பட்டவரை வேலையைவிட்டே அனுப்பிவிடலாமா? கூடாது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 47ஆம் பிரிவு முதலில் இதைத் தடுத்தது. சிறப்புச் சேவைப் பணியகத்தின் காவலர் குணால் சிங் பணியில் காயமுற்றுக் காலை இழந்தார். தகுதியற்றவர் என்று அனுப்பப்பட்டார். இயலாமை ஓய்வூதியம் கொடுத்தாயிற்றே என்று வாதிட்டது அரசு. ஓய்வூதியம் கொடுத்ததால் பணிப்பாதுகாப்பு போய்விடாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இப்போது 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 20ஆம் பிரிவு அதே பாதுகாப்பைத் தருகிறது. பணிக்காலத்தில் ஊனமுற்றவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலை இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை. அதுவும் இல்லையேல் மிகைப் பணியிடத்தில் வைத்திருக்க வேண்டும். மத்திய ஆயுதப் படைகளின் போர்ப்பணியாளர்க்கு 2021இல் விலக்கு அளித்துவிட்டார்கள். அந்த அறிவிப்பு மாநிலக் காவலரைப் பற்றியதன்று. கட்டுப்பாட்டு அறையும் கணினிப் பதிவும் வயர்லெஸ்ஸும் இருக்கிற துறையில், ஒற்றைக் காலோடு ஒருவர் செய்யக்கூடிய வேலை இல்லை என்று சொல்வது சோம்பேறித்தனம்.

மரணம் நேர்ந்தால் பழைய திட்டத்தில் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் முப்பது விழுக்காடு. பணியிலேயே இறந்தவர்க்குத் தொடக்க ஆண்டுகளில், பொதுவாக ஏழாண்டு, ஐம்பது விழுக்காடு. நம் உதாரணப்படி முதலில் 30,000, பின் 18,000. தானே பிழைக்க இயலாத ஊனமுற்ற பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் உண்டு. ஆனால் ஊழியர் உயிரோடிருக்கும்போதே குடும்ப விவரப் பட்டியலில் அப்பிள்ளையின் பெயரைச் சேர்த்துச் சான்றிதழும் இணைத்துவைத்தால் பிற்பாடு அலைச்சல் குறையும்.

கருணை அடிப்படையிலான வேலைக்கு விண்ணப்பம் இறந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் கொடுக்கப்பட வேண்டும். பிள்ளை பெரியவனாகட்டும், படிப்பு முடியட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் பலர். கணவரை இழந்தவர் முப்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பணிப்பதிவேட்டின் நகல் ஆகியவற்றுடன் தேனியிலுள்ள மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையிட்ட ரசீது ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.