நினைவில் நிற்கும், பிறரால் ஊகிக்க முடியாத கடவுச்சொல்



பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, ஹஜ் விண்ணப்பம், வங்கிக் கணக்கு என்று பலவும் இன்று இணையம் வழியாகத்தான் நடக்கின்றன. தேவனூர் நாட்டிலிருந்து செம்மேட்டுக்கோ நாமக்கல்லுக்கோ போகிறோம். கணினி மையத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி வருகிறோம். "பாஸ்வேர்டு என்ன வைக்கலாம்?" என்று கேட்டால், சட்டென்று வாயில் வருவது கைபேசி எண் அல்லது பிள்ளையின் பெயர். அதையும் பக்கத்தில் இருப்பவர் காதில் விழும்படி சொல்கிறோம். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தைப் புதுப்பிக்கப் போகும்போது அது நமக்கு மறந்திருக்கும். அல்லது இன்னும் நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். இந்த இரண்டும் நேராமல் கடவுச்சொல் அமைப்பது எப்படி என்று பார்ப்போம்.

எவை ஆகாது?

நம் பெயர், பிள்ளைகள் பெயர், பிறந்த ஆண்டு, வண்டி எண் ஆகியவை ஆகாது. ஊர்ப் பெயரும், கொல்லிமலைச் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் போடும் 70-உம் ஆகாது. பரக்கத்தை எண்ணி 786 சேர்ப்பவர்களும் நம்மில் உண்டு. நம் பெயரைப் பார்த்தவுடனே எவரும் ஊகித்துவிடக்கூடிய எண் அது.

2009-ல் ராக்யூ என்ற அமெரிக்க நிறுவனத்திடமிருந்து சுமார் 3.2 கோடிக் கடவுச்சொற்கள் கசிந்தன. அவற்றை ஆராய்ந்தபோது முதலிடத்தில் இருந்தது 123456. ஏறக்குறைய 2.9 லட்சம் பேர் அதையே வைத்திருந்தார்கள். இப்படிக் கசிந்த பட்டியல்களை வைத்துத்தான் திருடர்களின் கணினிகள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கின்றன. ஓரிடத்தில் கசிந்த சொல்லை வேறு தளங்களிலும் முயல்கின்றன. ஆகவே எல்லாக் கணக்குக்கும் ஒரே கடவுச்சொல் வைப்பது, வீட்டுக்கும் கடைக்கும் பீரோவுக்கும் ஒரே சாவி வைப்பது போன்றது.

குறியீடுகள் போட்டால் போதாதா?

'பெரிய எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்திருக்க வேண்டும். அவ்வப்போது மாற்ற வேண்டும்' என்ற விதி பரவியதற்கு முக்கியக் காரணம், 2003-ல் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் எழுதிய வழிகாட்டி. நடந்தது என்ன? மக்கள் 'ஏ' எழுத்துக்குப் பதில் '@', 'ஓ' எழுத்துக்குப் பதில் பூஜ்யம், கடைசியில் 1 என்று எல்லாரும் ஒரே மாதிரி செய்தார்கள். திருடர்களுக்கும் அது பழகிவிட்டது. மாற்றச் சொன்னால் 1-ஐ 2 ஆக்கினார்கள். 2017-ல் அந்த நிறுவனமே விதியை மாற்றியது: நீளம்தான் முக்கியம், கசிந்ததாகத் தெரிந்தாலொழிய அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம். பழைய அறிவுரைகளில் பலவற்றுக்காக வருந்துவதாக பில் பரும் அதே ஆண்டில் பத்திரிகைக்குச் சொன்னார்.

எளிய வழி: சீட்டுக் குலுக்கல்

ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சில சொற்களைக் கோத்து நீளமான கடவுச்சொல் அமைக்கும் முறையை 1995-ல் அர்னால்டு ரெய்ன்ஹோல்டு என்பவர் வெளியிட்டார். 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து தாயக்கட்டை உருட்டிச் சொற்களை எடுப்பது அவர் முறை. நாம் அதைச் சீட்டிலேயே செய்யலாம்.

வீட்டில் எல்லாரும் சேர்ந்து 200 சாதாரணச் சொற்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதுங்கள். ஒரு பாத்திரத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுங்கள். குறித்துக்கொண்டு, மறுபடி உள்ளே போட்டுக் குலுக்குங்கள். இப்படி ஐந்து முறை. இதில் வரக்கூடிய வரிசைகள் 32,000 கோடி. பிடித்த சொல்லை நாமே தேர்ந்தெடுக்கக் கூடாது. மனம் தேர்ந்தால் பழகிய சொற்களே வரும்.

'மிளகு, ஏணி, தயிர், ரயில், சாவி' என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மிளகு பறிக்க ஏணியில் ஏறியவர் தயிர்ச் சட்டியோடு ரயிலில் இறங்கிச் சாவியைத் தொலைத்தார் என்று ஒரு படம் மனதில் ஓடட்டும். நம் மலையில் ரயில் கிடையாது. அதனால்தான் அந்தப் படம் மறக்காது. (இது அச்சில் வந்துவிட்டதால் இதையே வைத்துக்கொள்ளாதீர்கள்.)

தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் தட்டும்போது ஒரு கவனம் வேண்டும். 'வாழை' என்பதில் 'ஏ' ஒன்றா இரண்டா, 'ழ'வுக்கு 'இசட்-எச்' போடுகிறோமா 'எல்' போடுகிறோமா என்பது ஆளுக்கு ஆள் மாறும். திருடனுக்கு அது கூடுதல் தடை. நமக்கோ மறந்தால் தொல்லை. ஒரே எழுத்துமுறையை முடிவு செய்து அதையே கடைப்பிடியுங்கள். பெரிய எழுத்தும் எண்ணும் கட்டாயம் என்று தளம் கேட்டால், ஒரு சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கி, இரு சொற்களுக்கு நடுவே ஓர் எண்ணைச் சேர்த்தால் போதும்.

இன்றே செய்ய வேண்டியவை

முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் மறந்தால் மாற்றும் வழி பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் வரும். அது போனால் எல்லாம் போகும். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். அடுத்தது வங்கிக் கணக்கு. கணினி மையத்தில் வேலை முடிந்ததும் 'லாக் அவுட்' செய்து, கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று திரை கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்துங்கள்.

நினைவாற்றல் குறைந்த பெரியவர்கள் ஒரு நோட்டில் எழுதி, நிலப் பத்திரம் வைக்கும் பெட்டியில் பூட்டி வைக்கலாம். அதில் தவறில்லை. கைபேசி உறையில் மட்டும் வைக்க வேண்டாம்.

கடவுச்சொல், ஓடிபி, யுபிஐ பின் ஆகியவற்றை யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். நம் அறக்கட்டளையின் பெயரைச் சொல்லிக் கேட்டாலும் சரி. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. மீறிப் பணம் பறிபோனால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு கூடும்.