பானட்டைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட்

முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றும் ஆனி, ஆடிக் காற்று மயிலாடித் தெருக்களையும் விட்டுவைப்பதில்லை. அந்த நாட்களில் காரின் பானட்டைத் திறந்து ஆயில் அளவு பார்க்கக் குனிகிறவர், தலைக்கு மேல் நிற்கும் இரும்புத் தகட்டை எது தாங்குகிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது. சின்னக் கார்கள் பலவற்றில் பானட்டுக்கு வெறும் முட்டுக்கம்பிதான். விலை கூடிய வண்டிகளில் அந்த வேலையைச் செய்வது கேஸ் ஸ்ட்ரட். பின்பக்க டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்துவதும் அதுவே.

பார்வைக்கு ஒரு கறுப்புக் குழாய், அதிலிருந்து நீளும் பளபளப்பான ராடு, அவ்வளவுதான். குழாய்க்குள் சுருள்வில் கிடையாது. மிகுந்த அழுத்தத்தில் அடைத்த நைட்ரஜன் வாயுவும் கொஞ்சம் எண்ணெயும் இருக்கின்றன. காற்றையே அடைக்கலாமே என்றால், அதிலுள்ள ஆக்சிஜன் உயர்ந்த அழுத்தத்தில் எண்ணெயோடு சேர்ந்தால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. நைட்ரஜன் எதனோடும் எளிதில் வினைபுரியாது, விலையும் குறைவு.

ராடின் உள்முனையில் ஒரு பிஸ்டன். அதில் நுண்ணிய துளை இருப்பதால் வாயு இரு பக்கமும் போய்வரும். இரு பக்கமும் ஒரே அழுத்தம். அப்படியானால் ராடை வெளியே தள்ளுவது எது? பிஸ்டனின் ஒரு முகம் முழுவதும் வாயு அழுத்துகிறது. மறு முகத்தில் ராடு நிற்கும் இடம் மட்டும் வாயுவுக்கு எட்டாது. அந்தப் பரப்பின் அளவுக்கு ஒரு பக்கத் தள்ளல் மிஞ்சுகிறது. 8 மி.மீ. விட்டமுள்ள ராடின் குறுக்குப் பரப்பு சுமார் 50 சதுர மி.மீ. உள்ளே அழுத்தம் 100 பார் என்றால் விசை சுமார் 500 நியூட்டன். ஏறத்தாழ 50 கிலோ எடைக்குச் சமம். விசையைக் கூட்டுவதும் குறைப்பதும் ராடின் பருமனும் வாயுவின் அழுத்தமும்தான். பிஸ்டன் துளை வேகத்தை அடக்குகிறது. பானட் துள்ளி எழாமல் நிதானமாக எழுவது அதனால்தான்.

ராடு வெளிவரும் வாயில் உள்ள ரப்பர் சீல்தான் இதன் ஆயுள். மயிலாடியில் கல் செதுக்கும் பட்டறைகளின் தூசி பறக்கும் தெருவில் வண்டி நின்றால், ராடை அவ்வப்போது மெல்லிய துணியால் துடைத்துவிட வேண்டும். கருங்கல் தூளில் உள்ள குவார்ட்ஸ் துகள் ராடில் கீறல் போடக்கூடியது. கீறிய ராடு சீலை அறுக்கும். கடலோர உப்புக் காற்றில் பிடிக்கும் துருவும் அதே வேலையைத்தான் செய்யும்.

தேய்ந்த ஸ்ட்ரட் ஒரே நாளில் செத்துவிடாது. வாயுவின் அழுத்தம் வெப்பத்தோடு ஏறி இறங்கும். 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குப் போனால் சுமார் 7 விழுக்காடு கூடும். ஆகவே மதிய வெயிலில் பானட்டைத் தாங்கும் ஸ்ட்ரட், விடிகாலைக் குளிரில் தாங்காமல் மெல்ல இறங்கலாம். சோதிப்பதானால் காலையில் சோதியுங்கள். ராடில் எண்ணெய்க் கசிவு தெரிந்தாலும் மாற்றும் நேரம் வந்துவிட்டது.

மாற்றுவது எளிது. முதலில் பானட்டுக்கு உறுதியான கட்டையால் முட்டுக் கொடுங்கள். காற்றடிக்கும் நாளென்றால் கூடவே ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் ஸ்ட்ரட்டின் இரு முனையும் உருண்டைத் தலைகளில் பொருந்தி, ஒரு கம்பிக் கிளிப்பால் பிடிபட்டிருக்கும். சின்னத் தட்டை ஸ்குரூடிரைவரால் கிளிப்பை லேசாக நெம்பினால் முனை கழன்று வரும். புதியதை, பழையதன் ராடு எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அப்படியே வைத்து, 'டக்' என்று பொருந்தும் வரை அழுத்துங்கள். ஒரு பக்கம் முடிந்த பிறகே மறுபக்கம். ஆனால் இரண்டு ஸ்ட்ரட்டையும் ஒரே தடவையில் மாற்றிவிட வேண்டும். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் பானட் கோணும்.

வாங்கும்போது நீளமும், குழாயில் அச்சிட்டிருக்கும் நியூட்டன் எண்ணும் பழையதோடு ஒத்திருக்கட்டும். பலம் கூடியது நல்லது என்று நினைத்து வாங்கினால், மூடும்போது அழுத்தம் தாங்காமல் தகடு வளையும், கீல் தேயும். கழற்றிய பழையதை அறுக்கவோ துளையிடவோ நெருப்பில் போடவோ கூடாது. பானட்டைத் தூக்கப் பலமில்லாமல் போனாலும் உள்ளே இருப்பது பல பத்து பார் அழுத்தம். உலோகத்துண்டை எறிய அது போதும்.