பெர்லின் போன கறுத்த கத்தலை

பெர்லின் என்றதும் உங்களுக்குச் சுவர்தான் ஞாபகம் வரும். எனக்குக் கத்தலை மீன்!

தரங்கம்பாடியில் இருந்த ஜான் பாதிரியார், இங்கே கிடைத்த மீன்களைப் பதப்படுத்தி பெர்லின் டாக்டர் ப்ளோக்குக்கு அனுப்பி வைத்தார். 1793-ல் ப்ளோக் ஒரு மீனுக்கு வைத்த பெயர் 'ஜானியஸ் கருட்டா'. முன்பாதி, பாதிரியார். பின்பாதி லத்தீன் என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். கடற்கரையில் சொல்லும் 'கறுத்த கத்தலை'யில் உள்ள 'கறுத்த'தான் அது!

சரி, வாங்கும்போது எப்படிக் கண்டுபிடிப்பது? எங்கள் காடாம்புலியூரில் பலாப்பழம் தட்டிப் பார்த்து வாங்க ஊருக்கே தெரியும். மீன் என்றால், "கத்தலைதான் தம்பி, எடுத்துக்க" என்று கூடைக்கார அக்கா சொல்வதுதான் வேதம். ஆபீஸ் அவசரத்திலும் ஒரு நிமிஷம் குனியுங்கள் சார். மீனின் பக்கவாட்டில் ஒரு கோடு ஓடும். பெரும்பாலான மீன்களில் அது வால் தொடங்கும் இடத்திலேயே நின்றுவிடும். கத்தலைக்கோ வால் துடுப்பின் நுனிவரை போகும். நின்றிருந்தால் அக்காவிடம் பேரம் பேசலாம்.

இன்னும் சந்தேகமா? குழம்பில் தலையைக் கடியுங்கள், மெதுவாக! உள்ளே பெரிசாக இரண்டு வெள்ளைக் கற்கள் இருக்கும். காதுக் கற்கள். அதை அறுத்து, வளையம் எண்ணி, மீனுக்கு வயசே சொல்லிவிடுகிறார்கள் விஞ்ஞானிகள்.