பெல்ட் கட்டாவிட்டால் கவனிப்பு இல்லையா?

“பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கு வயிற்றில் பெல்ட் கட்டி இயந்திரம் வைத்திருக்கிறீர்கள்; எங்கள் பெண்ணுக்கு ஏன் வைக்கவில்லை?” பிரசவ அறையின் வாயிலில் குடும்பத்தினர் அடிக்கடி எழுப்பும் கேள்வி இது. இயந்திரம் இல்லையென்றால் கவனிப்பும் இல்லையோ என்ற அச்சம் இயல்பானதே. உண்மை நிலையை அறிந்தால் அந்த அச்சம் நீங்கும்.

வலி வரும்போதெல்லாம் கருப்பை இறுகுகிறது. அப்போது நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குச் செல்லும் பிராணவாயு சற்றுக் குறைகிறது. நலமாக உள்ள குழந்தை இதைத் தாங்கிக்கொள்ளும். தாங்க இயலாவிட்டால் அதன் இதயத்துடிப்பு மாறும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது இயல்பு. சிக்கல் ஏதுமில்லாத தாய்க்கு, 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை, கையடக்க டாப்ளர் கருவியால் ஒரு முழு நிமிடம் துடிப்பைக் கேட்டால் போதுமானது. தாய் முக்கும் கட்டத்தில் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்க வேண்டும்.

பெல்ட் கட்டும் கருவியின் பெயர் சி.டி.ஜி. துடிப்பையும் வலியையும் அது இடைவிடாமல் தாளில் பதிவு செய்கிறது. இவ்விரு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், தொடர்ந்து சி.டி.ஜி. வைத்தபோது பிறந்த குழந்தைகளுக்கு வலிப்பு வருவது குறைந்தது. ஆனால் குழந்தை இறப்போ மூளைவாதமோ குறையவில்லை, சிசேரியனோ கூடியது. குழந்தை நலமாக இருக்கும்போதும் பதிவு கவலை தரும்படி தோன்றக்கூடும் என்பதே இதற்குக் காரணம். இலங்கைத் தமிழரான பேராசிரியர் சர் சபாரத்தினம் அருள்குமரன் பன்னாட்டு மகப்பேறு மருத்துவக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த காலத்தில், 2015-இல், அவ்வமைப்பு இதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. உயர் இரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு, முந்தைய சிசேரியன், வலி கூட்டும் மருந்து ஏற்றுதல் போன்ற நிலைகளில் தொடர் பதிவு தேவைப்படுகிறது.

பதிவில் மாற்றம் தெரிந்தவுடன் அறுவை சிகிச்சை என்று முடிவு செய்வதில்லை. தாயை இடப்பக்கம் திருப்பிப் படுக்க வைப்போம், வலி மருந்தை நிறுத்துவோம், மீண்டும் பரிசோதிப்போம். துடிப்பு சீராகாமல், கருப்பை வாய் முழுமையாகத் திறந்து தலையும் கீழிறங்கியிருந்தால் வேக்குவம் கருவி உதவும். இல்லையேல் சிசேரியன் தேவைப்படலாம்.

பிரசவ அறையில் மிக மலிவான கருவி ஒன்று உண்டு: பார்ட்டோகிராஃப் எனும் ஒற்றைத் தாள். கருப்பை வாய் திறப்பதையும் தலை இறங்குவதையும் மணிக்கணக்கில் அதில் குறிக்கிறோம். தொலைவான ஊர்களின் செவிலியர், தாயை எப்போது பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை உரிய நேரத்தில் அறிவதற்காக, இன்றைய ஜிம்பாப்வேயில் பில்பாட், காசில் என்ற இருவர் 1972-இல் இதில் எச்சரிக்கைக் கோட்டைச் சேர்த்தனர். தென்கிழக்கு ஆசியாவில் 35,000-க்கும் மேற்பட்ட தாய்மாரிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், இத்தாளால் நீடித்த பிரசவம் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தது. 2020-இல் அந்நிறுவனம் இதைத் திருத்தி வெளியிட்டது.

ஊத்தங்கரைக்கு இத்தாள் மிகவும் பொருந்தும். இங்கிருந்து கிருஷ்ணகிரி அல்லது தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே, மேல்சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்று மருத்துவர் கூறினால், ஊரிலிருந்து பெரியவர்கள் வரட்டும் என்று காத்திராதீர்கள். 108 வாகனத்தில் உடனே புறப்படுங்கள். மருத்துவ அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பிரசவ அறையில் ஐயம் எழுந்தால், “குழந்தையின் துடிப்பைக் கடைசியாக எப்போது கேட்டீர்கள், எவ்வளவு இருந்தது?” என்று செவிலியரிடம் தயங்காமல் கேளுங்கள். அதற்கு விடை பெறுவது உங்கள் உரிமை.