வெளிக்காயமின்றிக் கிழியும் பெருந்தமனி

விபத்தில் சிக்கியவரின் மார்பில் வெளிக்காயம் இல்லையெனில் உறவினர்கள் ஆறுதல் அடைவது இயல்பு. ஆயினும் வேகமாகச் சென்ற வாகனம் மோதி நின்றாலோ, ஒருவர் உயரத்திலிருந்து விழுந்தாலோ, தோலில் தடயமின்றி உள்ளே பெருந்தமனி கிழிந்திருக்கக்கூடும் என்று நாங்கள் ஐயுறுகிறோம்.

இதயத்திலிருந்து மேலெழும் பெருந்தமனி, வளைந்து முதுகெலும்பை ஒட்டிக் கீழிறங்குகிறது. வளைவுப் பகுதி ஓரளவு அசையும். இறங்கும் பகுதியோ முதுகுப்புறத்தோடு பிணைந்துள்ளது. உடலின் வேகம் திடீரெனத் தடைபடும்போது இவ்விரண்டும் சேருமிடம், அதாவது இடக்கைக்கான கிளை பிரிந்ததற்குச் சற்று அப்பால், இழுபட்டுக் கிழிகிறது. சுவர் முழுவதும் கிழிந்தோருள் பெரும்பாலோர் மருத்துவமனையை அடையுமுன்பே உயிரிழக்கின்றனர். வந்து சேர்வோரிடம் பெரும்பாலும் வெளியடுக்கும் சூழ்ந்துள்ள திசுக்களும் இரத்தத்தைத் தாங்கி நிற்கின்றன.

எக்ஸ்ரே இயல்பாக இருந்தாலும் கிழிசல் இல்லையென்று உறுதி கூற இயலாது. இரத்தக்குழாயில் சாயமருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனே தெளிவான விடை தரும்.

“கிழிசல் என்று தெரிந்த பின்னும் ஏன் காத்திருக்கிறீர்கள்?” என்று உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான வினாவே. இரத்தம் வெளியே பாய்ந்துகொண்டிருந்தால் ஒரு கணமும் தாமதிப்பதில்லை. உள்ளடுக்கில் மட்டும் சிறு கிழிசல் எனில் மருந்தும் மறு ஸ்கேனும் பெரும்பாலும் போதுமானவை. இடைப்பட்ட நிலையில்தான் காத்திருப்பு நேர்கிறது. தலையிலோ வயிற்றிலோ இரத்தக்கசிவு இருந்தால் அதனை முதலில் கவனிக்கிறோம். பெருந்தமனிச் சிகிச்சையின்போது அளிக்கும் இரத்தம் உறையாமைக்கான மருந்து அக்கசிவைப் பெருக்கிவிடலாம். அதுவரை இதயத்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் மருந்தால் தணித்து, மேல் அழுத்தத்தைப் பொதுவாக 120-க்குக் கீழ் வைக்கிறோம். கிழிந்த சுவரின் மீது விழும் விசை இதனால் குறைகிறது. தலைக்காயம் உள்ளவருக்கு மூளைக்குப் போதிய இரத்தம் செல்ல வேண்டியிருப்பதால் இவ்வளவு வேறுபடும். வெறுங்கையோடு இருப்பதுபோல் தோன்றும் அந்த மணிநேரங்களும் சிகிச்சையே.

முன்பு விலாப்புறத்தைத் திறந்து அறுவை செய்ய வேண்டியிருந்தது. கால்கள் செயலிழக்கும் ஆபத்தும் கணிசமாக இருந்தது. இன்று பெரும்பாலோருக்குத் தொடையிடுக்குத் தமனி வழியே துணியுறை போர்த்திய ஸ்டென்ட்டைச் செலுத்திக் கிழிசலை உள்ளிருந்தே மூடுகிறோம். அந்த ஆபத்து இப்போது மிகக் குறைவு; முற்றிலும் இல்லையென்று கூறமாட்டோம். சிலருக்கு இடக்கைக்கான கிளையையும் சேர்த்து மூட நேரிடும். எனவே அக்கையில் குளிர்ச்சியோ, வலியோ, எளிதில் களைப்போ தோன்றினால் தெரிவியுங்கள்.

இக்காயம் அடைவோருள் இளைஞர் பலர். உடல் தேறியதும் மறுபரிசோதனையை அவர்கள் கைவிடுவதே எங்கள் பெருங்கவலை. வயது கூடும்போது தமனி விரியும். ஸ்டென்ட் நகரலாம், ஓரத்தில் கசிவும் ஏற்படலாம். வலியின்றி நிகழும் இம்மாற்றங்களை ஸ்கேன் மட்டுமே காட்டும். ஸ்டென்ட் அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் காட்டுங்கள். மார்பிலோ முதுகிலோ திடீரெனக் கடும்வலி எழுந்தால், மறுபரிசோதனை நாளுக்குக் காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.