ஆனைக்கோட்டைப் புதைகுழி

யாழ்ப்பாண நகரிலிருந்து மானிப்பாய் போகும் வழியில் இருக்கிறது ஆனைக்கோட்டை. 1980ஆம் ஆண்டின் இறுதியில் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு இங்கு அகழ்ந்தபோது, மனித எலும்புக்கூடுகளும் அவற்றோடு வைத்த மட்கலங்களும் வெளிப்பட்டன. பெருங்கற்காலப் பண்பாட்டைச் சேர்ந்த இப்புதைகுழிகள் 2,000 ஆண்டுகளுக்கும் மேல் பழமையானவை.

கலங்களின் உட்புறமும் விளிம்பும் கறுப்பு, வெளிப்புறம் சிவப்பு. சூளையில் கவிழ்த்துச் சுடுவதால், காற்றுப் புகாத உட்பகுதி கறுத்துவிடும். தமிழகத்து ஆதிச்சநல்லூரிலும் இதே வகைக் கலங்கள் இறந்தோருடன் கிடைத்துள்ளன.

இங்கு கிடைத்தவற்றில் தலையாயது, ஒரு சிறு முத்திரை. மேல் வரியில் குறியீடுகள். கீழ் வரியில் ‘கோவேத’ என வாசிக்கப்படும் மூன்று பிராமி எழுத்துகள். முத்திரையோடு அடக்கம் செய்யப்பட்டவர் ஒரு தலைவராக இருக்கலாம் என்று ஆய்வாளர் கருதுவது, தலைவனைக் குறிக்கும் ‘கோ’ என்ற சொல் இதில் இருப்பதால்தான்.

இறந்தவரோடு பொருள்களை வைப்பது இங்கு மட்டும் இருந்த வழக்கமல்ல. ஏறத்தாழ அதே நூற்றாண்டுகளில் மேற்கு மெக்சிகோவின் கொலிமா, நயரிட் மக்கள் ஆழமான நிலத்தடிக் கல்லறைகளில் வீரர், பெண்கள், கொழுத்த நாய்கள் எனச் சுடுமண் உருவங்களை வைத்தனர். இறந்தவரைத் தனியே அனுப்ப அவர்களுக்கும் மனம் வரவில்லை.

உங்கள் காணியில் கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது கறுப்பு-சிவப்பு ஓடுகள் தென்பட்டால், தயவுசெய்து வேலையை நிறுத்தித் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள்.