அசையாமல் நின்றாலும் விடாத திரை

ஆள் இல்லாதபோது மங்கிக் கிடந்து, நாம் பக்கத்தில் போனதும் பளிச்சென்று விழித்துக்கொள்ளும் விளம்பரத் திரைகள் உண்டு. பல இடங்களில் அவற்றுக்கு நம்மைக் காட்டிக்கொடுப்பது நம் உடம்புச் சூடுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர்கூட ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றுகிறார். பழைய குண்டு பல்பு ஒன்றுக்குச் சமம். அதில் கணிசமான பகுதி அகச்சிவப்புக் கதிராக, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக, நாலாபுறமும் போகிறது.

திரையின் விளிம்பில் சின்ன வெள்ளைக் குமிழ் இருக்கிறதா, பாருங்கள். அதற்குள் இருப்பது உணரி, நாம் சென்சார் என்கிறோமே, அதுதான். தன்மேல் விழும் வெப்பம் மாறினால் துளி மின்னழுத்தம் தரும் படிகம் அது. படிகம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்றுக்கொன்று எதிராக இணைத்திருக்கிறார்கள். அறையே சூடேறினால் இரண்டும் ஒன்றாக மாறும், கணக்கு நேராகிவிடும். நடந்து போகிறவரின் சூடோ முதலில் ஒன்றில் விழும், பிறகு மற்றதில். சமிக்ஞை ஏறி இறங்கும், திரை விழிக்கும். குமிழைக் கண்ணாடியில் செய்ய முடியாது. சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை மறித்துவிடும், பாலித்தீன் வழிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. மாற்றத்தை மட்டுமே அறியும் உணரிக்கு, அசையாதவர் இல்லாதவர். திரையை ஊன்றிப் படிப்பவர்தானே அசையாமல் நிற்பார்! யாருக்காக விளம்பரமோ, அவரையே அது மறந்துவிடும்.

அங்கேதான் ரேடார் வருகிறது. அது அனுப்பும் 60 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையின் நீளம் வெறும் 5 மில்லிமீட்டர். மூச்சு விடும்போது மார்பு 1 மில்லிமீட்டர் முன்னே வந்தால், அலை போய்த் திரும்பும் தூரம் 2 மில்லிமீட்டர் குறையும். அலைநீளத்தில் ஐந்தில் இரண்டு பங்கு! திரும்பிவரும் அலையின் ஏற்ற இறக்கம் அவ்வளவு தள்ளிப்போவதை ரேடார் சில்லு எளிதில் பிடித்துவிடும். கல்லாய் நின்றாலும் மூச்சை நிறுத்த முடியுமா?

கேமரா இன்னும் ஒருபடி மேலே போய், பார்ப்பவரின் வயதையும் பாலினத்தையும் ஊகிக்கும். கனடாவில் 12 மால்களின் வழிகாட்டித் திரைகளுக்குள் கேமரா ஒளிந்திருந்ததையும், வாடிக்கையாளருக்குத் தெரியாமல் 50 லட்சம் முகப் படங்கள் எடுக்கப்பட்டதையும் 2020இல் அந்நாட்டுத் தனியுரிமை ஆணையர் வெளிப்படுத்தினார். ஆள் நிற்கிறாரா என்று அறிய மூச்சே போதும். முகம் தேவையே இல்லை.